பின் அச்சின் ஆறு ஆணிகள்

இலங்கையில் 2020 மார்ச் மாதம் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கும் ஜீப்புகளுக்கும் 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. இடைப்பட்ட ஐந்து ஆண்டுகளில், கழித்துவிட வேண்டிய வயதை எட்டிய வாகனங்கள் எல்லாம் மறுபடியும் மறுபடியும் திருத்தப்பட்டு வீதியில் ஓடின. கதவு திறந்த பின்னரும், வரியோடு சேர்ந்த விலை சாதாரணரின் கைக்கு எட்டாத உயரத்தில் இருப்பதால் அவற்றுட் பல இன்னமும் ஓடிக்கொண்டிருக்கின்றன. 1990களில் வந்திறங்கிய நான்கு சில்லு இயக்க லான்ட் குரூசர்கள் இதற்கு நல்ல உதாரணம். வன்னியில் மணல் ஏற்றும் காணிக்காரரிடமும், மலையகத்துத் தோட்டங்களிலும், உல்லாசப் பயணிகளைக் காட்டுக்குள் கொண்டுசெல்வோரிடமும் அவை உண்டு.

அப்படியொரு வாகனத்தை வைத்திருக்கும் உறவினர் ஒருவர் அண்மையில் தொலைபேசியில் அழைத்தார். பின் அச்சின் ஆணிகள் மூன்றாம் தடவையும் முறிந்துவிட்டனவாம். "அண்ணை, இதைவிடப் பலமான ஆணி எங்கை எடுக்கலாம்?" என்பதே அவருடைய கேள்வி.

நான் வாகனம் திருத்துபவன் அல்லன். செய்தி தேடிப் போகும் தொழிலில் நாற்பது ஆண்டுகளாகப் பிறருடைய ஜீப்புகளின் பின் ஆசனத்தில் இருந்து குலுங்கியவன் மட்டுமே. ஆயினும் அந்தக் கேள்வியில் ஒரு கோளாறு இருக்கிறது என்பது எனக்குத் தெரிந்திருந்தது. அதனை எனக்குக் கற்பித்தவர்கள் வன்னியில் இருந்த இருவர். அவர்களிடம் கற்றதையும் பின்னர் வாசித்து அறிந்ததையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். அவுஸ்திரேலியாவிலும் கனடாவிலும் இத்தகைய வாகனங்களோடு மல்லுக்கட்டும் எம்மவர் சிலருக்கும் இது பயன்படலாம்.

முதலில், எந்த ஆணி என்பதைத் தெளிவுபடுத்த வேண்டும். ரயர் மாற்றும்போது நாம் கழற்றுகிற சில்லு நட்டுகளை இங்கே சொல்லவில்லை. லான்ட் குரூசரின் 70, 80 வரிசைகளில் பெரும்பாலானவற்றின் பின் சில்லைப் பார்த்தால், நடுவில் தட்டையான இரும்பு மூடி போன்ற ஒன்று தெரியும். அது மூடியன்று. உள்ளிருந்து வரும் அச்சுத் தண்டின் விரிந்த தலை அது. அந்தத் தலை, சில்லின் குடத்தோடு வழக்கமாக ஆறு ஆணிகளால் பிணைக்கப்பட்டிருக்கும். தலையில்லாத, இருபுறமும் புரி வெட்டிய ஆணிகள். ஒரு புறம் குடத்தினுள் திருகப்பட்டிருக்கும், மறுபுறத்தில் நட் ஏறும். நட்டுக்கும் தலைக்கும் இடையே, ஒரு பக்கம் பிளந்த கூம்பு வடிவ வளையம் ஒன்று இருக்கும். இந்தச் சிறு வளையத்தைப் பற்றிப் பின்னர் சொல்வேன்.

மாட்டுவண்டியைக் கண்டவர்களுக்கு இதை விளக்குவது எளிது. வண்டியில் கடையாணி கழன்றால் சில்லு ஓடிவிடும். இந்த ஆறு ஆணிகளும் கடையாணிகள் அல்ல. இந்த அமைப்பை மெக்கானிக்மார் 'புல் புளோட்டிங்' என்பார்கள். இதில் வண்டியின் பாரத்தைத் தாங்குவது அச்சைச் சுற்றியுள்ள இரும்புக் கூடும், அதன்மேல் பொருத்திய இரண்டு பெயாரிங்குகளும்தான். உள்ளே இருக்கும் தண்டு பாரம் சுமப்பதில்லை, சில்லைச் சுழற்றுவது ஒன்றே அதன் வேலை. ஆகவே ஆறு ஆணிகளும் முறிந்தாலும் சில்லு கழன்று ஓடாது, பிரேக்கும் வேலை செய்யும். இயந்திரத்தின் சக்தி மாத்திரம் அந்தச் சில்லுக்குப் போய்ச் சேராது. சிறிய கார்களின் பின் அச்சு வேறு வகை. அங்கே தண்டே பாரத்தையும் சுமக்கிறது. அது முறிந்தால் சில்லும் சேர்ந்து போய்விடலாம். பாரமான வாகனங்களுக்கு முதல் வகையைத் தெரிந்தெடுத்ததன் காரணம் இதுதான்.

அந்த ஆணிகளுக்கு வரும் விசை எவ்வளவு? 70 வரிசையில் 1990 முதல் பொருத்தப்பட்ட 4.2 லீற்றர் டீசல் இயந்திரத்தின் உச்ச முறுக்குவிசை 285 நியூட்டன் மீற்றர். முதலாம் கியர், தாழ்நிலைக் கியர், டிப்ரன்சல் ஆகிய மூன்றையும் தாண்டி வரும்போது அது ஏறக்குறைய 40 மடங்கு பெருகுகிறது. நான்கு சில்லுகளுக்கும் பங்கிட்டாலும், சேற்றில் புதைந்த வண்டியை இழுக்கும்போது ஒரு சில்லின் ஆணிகள் தாங்க வேண்டியது சிறிதன்று.

ஆனால் அந்த விசையை ஆணிகள் குறுக்காக வாங்கிக்கொள்ளும்படி இது வடிவமைக்கப்படவில்லை. பலரும் தவறாக விளங்கிக்கொள்ளும் இடம் இதுதான். நட்டை இறுக்கும்போது ஆணி மிகச் சிறிதளவு நீண்டு, இழுத்த றப்பர் போலத் தண்டின் தலையையும் குடத்தையும் ஒன்றோடொன்று நெரிக்கிறது. அந்த நெரிப்பினால் இரு முகங்களுக்கும் இடையே எழும் உராய்வும், கூம்பு வளையங்கள் துளைக்குள் ஆப்புப்போல இறங்கிப் பிடிக்கும் பிடியும் சேர்ந்தே விசையைக் கடத்துகின்றன. இரு முகங்களும் ஒரே இரும்பு போல அசையாது இருக்கும்வரை ஆணிக்கு வேலை இழுத்துப் பிடிப்பது மட்டுமே. நட் சற்றே இளகிவிட்டால் கதை மாறுகிறது. முன்னுக்குப் போகும்போது தலை ஒரு பக்கம் நகர்கிறது, பின்னுக்கு எடுக்கும்போது மறுபக்கம் நகர்கிறது. கண்ணுக்குத் தெரியாத அந்த நகர்வு ஒவ்வொன்றிலும் ஆணி வளைந்து நிமிர்கிறது. கம்பித் துண்டொன்றைக் கையால் இப்படியும் அப்படியும் மடக்கி முறிப்பதைச் சிறுவயதில் எல்லோரும் செய்திருப்போம். பின் அச்சில் நடப்பதும் அதுவே.

இதை உலகம் அறிந்துகொண்டது பெரும் விலை கொடுத்துத்தான். 1842 மே 8ஆம் திகதி வெர்சாயிலிருந்து பாரிசுக்குத் திரும்பிக்கொண்டிருந்த ரயிலின் இயந்திர அச்சு முறிந்து, வண்டிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறித் தீப்பிடித்தன. பெட்டிகளின் கதவுகள் வெளியே பூட்டப்பட்டிருந்தமையால் ஐம்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். உலகைச் சுற்றிவந்த கடலோடி டுமோன் டுர்வில் தம் மனைவியோடும் மகனோடும் அதில் மாண்டார். நல்ல இரும்பு ஏன் முறிந்தது என்ற கேள்வி அப்போது எழுந்தது. அடுத்த ஆண்டே ஸ்கொட்லாந்தின் றாங்கின், அச்சுகளின் முறிவு ஒரு மூலையில் சிறு வெடிப்பாகத் தொடங்கி மெல்ல மெல்ல உள்ளே வளர்வதை எடுத்துக் காட்டினார். பின்னர் ஜேர்மன் ரயில்வேப் பொறியியலாளர் ஓகஸ்ட் வோலர் பல ஆண்டுகள் பரிசோதனை நடத்தி, ஒரு தடவையில் முறிக்கத் தேவையான பாரத்தைவிட மிகக் குறைந்த பாரமும், திரும்பத் திரும்ப ஏற்றப்பட்டால் இரும்பை முறித்துவிடும் என்று நிறுவினார். இதையே உலோகக் களைப்பு என்கிறோம்.

இனி வன்னிக்கு வருவோம். போர்நிறுத்த காலமான 2003இல், மாரி மழை ஓய்ந்த கையோடு, மாங்குளத்திலிருந்து முல்லைத்தீவு செல்லும் வீதியில் ஓர் உதவி நிறுவனத்தின் பழைய லான்ட் குரூசரில் போய்க்கொண்டிருந்தேன். ஐம்பது வயதைத் தாண்டிய சாரதி. பொருளாதாரத் தடை இருந்த காலத்தில் மண்ணெண்ணெயில் கார் ஓட்டிப் பழகியவர். ஒட்டுசுட்டானுக்கு இப்பால் ஒரு பள்ளத்திலிருந்து ஏறும்போது பின்னால் 'டக்' என்று ஓர் ஓசை. வண்டி நின்றுவிட்டது, இயந்திரம் மட்டும் உறுமியது.

"ஐயா, வீதியை விட்டு இறங்காதேங்கோ" என்பதே அவர் சொன்ன முதல் வார்த்தை. வீதியோரத்தில் மண்டையோடு வரைந்த சிவப்புப் பலகைகள் அப்போதும் நட்டிருந்தன. மிதிவெடி அகற்றும் பணி நடந்துகொண்டிருந்த காலம். நிழல் தேடி ஒரு மரத்தடிக்குப் போவதுகூட இயலாத இடத்தில் வாகனம் நின்றுபோவதன் பொருள் என்ன என்பதை அன்று விளங்கிக்கொண்டேன்.

சாரதி இரண்டு கற்களை எடுத்து முன் சில்லுகளுக்கு முட்டுக்கொடுத்துவிட்டுக் குனிந்து பார்த்தார். ஆறு ஆணிகளில் நான்கு முறிந்து போயிருந்தன. தண்டை வெளியே இழுத்தெடுத்தார். மறுபக்கத் தண்டையும் கழற்றினார். பின்னோக்கிச் செல்லும் நீண்ட சுழல்தண்டையும் கழற்றி வண்டிக்குள் போட்டார். பால்மா ரின்னின் தகட்டை வெட்டி, பழைய ரியூப் றப்பரை அடியில் வைத்து, திறந்து கிடந்த குடங்களுக்கு மூடி செய்தார். ஒயில் ஒழுகாமலும் மண் புகாமலும் இருக்க வேண்டுமே. பின்னர் முன் சில்லுகளின் பூட்டுகளைத் திருப்பி, முன் அச்சின் இழுவையில் மட்டும் வண்டியை நகர்த்தினார். நான்கு சில்லு இயக்க வாகனத்துக்கு இப்படி ஒரு வசதி உண்டென்பதை அதுவரை நான் எண்ணிப் பார்த்ததில்லை.

மறுநாள் கிளிநொச்சியில், கூரைத்தகரம் கூட முழுமையாக இல்லாத ஒரு கராஜில், வயதான மெக்கானிக் ஒருவர் முறிந்த துண்டுகளையும் எஞ்சிய ஆணிகளையும் பெற்றோலில் கழுவி ஒரு பத்திரிகைத் தாளில் வரிசையாக அடுக்கினார். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் செய்ததை இன்றுவரை என் தொழிலின் பாடமாகவே கொள்கிறேன். எது முறிந்தது என்று அவர் கேட்கவில்லை. எது முதலில் முறிந்தது என்று பார்த்தார்.

ஒரு துண்டின் முறிந்த முகம் கருத்து, பழைய துரு ஏறிக் கிடந்தது. அது பல நாட்களுக்கு முன்னரே முறிந்துவிட்டது. அடுத்த இரண்டில் முகத்தின் பெரும்பகுதி வழுவழுப்பாக, கடற்கரை ஈரமணலில் அலைகள் விட்டுச் சென்ற கோடுகள் போன்ற வளைவுக் கோடுகளுடன் இருந்தது. ஓர் ஓரத்தில் மாத்திரம் கரடுமுரடாகப் பளபளத்தது. மெல்ல வளர்ந்த வெடிப்பு வழுவழுப்பான பகுதி, கடைசிக் கணத்தில் முறிந்தது பளபளக்கும் பகுதி. நான்காவது முழுவதும் கரடாக, புத்தம் புதிதாக இருந்தது. மற்றவை போனபின் பாரம் முழுவதும் தன்மேல் விழ, நேற்றுத்தான் முறிந்த ஆணி அது. "பள்ளத்திலை முறிஞ்சதெண்டு சொல்லுவினம். இது போன மாதமே முறியத் தொடங்கீட்டுது, ஐயா" என்றார்.

முறிவு முகத்தை வாசிப்பது இவ்வளவு எளிது என்பதைப் பலர் அறியார். துண்டுகளைத் தூக்கி எறிந்துவிட்டுப் புதிய ஆணி கேட்கிறார்கள். ஆறும் ஒரே மாதிரிப் புதிதாக முறிந்திருந்தால் ஒரு பெரும் அதிர்ச்சி காரணமாக இருக்கலாம். கழுத்து மெலிந்து நீண்டு முறிந்திருந்தால், நீண்ட குழாய் போட்டு அளவுக்கு மீறி யாரோ இறுக்கியிருக்கிறார்கள். குடத்தின் முகத்தோடு ஒட்டினாற்போல், வளைவுக் கோடுகளுடன் முறிந்திருந்தால் நட் இளகி அசைந்திருக்கிறது. பழைய வாகனங்களில் காண்பது அநேகமாக இந்தக் கடைசி வகையே.

அந்தக் கிளிநொச்சி மெக்கானிக் அத்தோடு விட்டுவிடவில்லை. ஏன் இளகியது என்று தேடினார். சில்லை ஜக்கில் உயர்த்தி, மேலும் கீழும் பிடித்து ஆட்டினார். சில்லு ஆடியது. பெயாரிங் தளர்ந்திருந்தது. ஏற்கெனவே திருத்திய ஏதோ ஒரு கராஜில் சரியாக இறுக்காமல் விட்டிருக்கிறார்கள். இது மிக முக்கியமான காரணம். பெயாரிங் தளர்ந்தால் குடம் சற்றுச் சாய்ந்து சுழலும், உள்ளிருக்கும் தண்டோ நேராகச் சுழலப் பார்க்கும். இரண்டுக்கும் இடையிலான இழுபறி முழுவதும் அந்த ஆறு ஆணிகளில் விடியும், அதுவும் சில்லின் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு தடவை. இத்தகைய வாகனத்தின் சில்லு ஒரு கிலோமீற்றருக்கு ஏறத்தாழ 400 தடவை சுற்றும். மாங்குளத்திலிருந்து முல்லைத்தீவுக்கு ஐம்பது கிலோமீற்றர் என்றால் 20,000 தடவை. வோலரின் பரிசோதனைச் சாலைக்குக் குறையாத ஏற்பாடு! அச்சுக் கூடு வளைந்திருந்தாலும் இதே விளைவுதான்.

இன்னொரு காரணமும் அன்று அகப்பட்டது. தண்டின் தலைக்கும் குடத்துக்கும் இடையே ஒயில் கசியாதிருக்கப் பசைபோன்ற ஒன்றைத் தாராளமாகப் பூசியிருந்தார்கள். பூசிய அன்று நட் இறுக்கமாகத்தான் இருக்கும். சூட்டிலும் அழுத்தத்திலும் பசை பிதுங்கி வெளியேற, அது இருந்த இடம் வெறுமையாகும், இறுக்கம் காற்றோடு போய்விடும். நெரிப்பைத் தர வேண்டிய இடத்தில் மெத்தை போட்டால் என்னாகும்?

இப்போது என் உறவினரின் கேள்விக்கு வரலாம். பலமான ஆணி போட்டால் என்ன? கடைகளில் 12.9 தரம் என்று விற்கிறார்கள். அந்த எண்ணின் முற்பகுதி, ஆணியின் இழுவலிமை 1,200 மெகாபாஸ்கல் என்பதைக் குறிக்கிறது. சாதாரண ஆணியைவிட வலியதுதான். ஆனால் அதே அளவுக்கு இறுக்கினால் நெரிப்பும் அதே அளவுதான், இளகுவதும் அதேபோல் இளகும். இளகிய பின் வலிய ஆணியும் வளைந்து வளைந்து களைத்தே போகும், சில நாட்கள் பிந்திப் போகும், அவ்வளவுதான். அல்லது ஆணி தப்பிக் குடத்தின் புரி கிழிந்துபோகும். ஆணியின் விலை எங்கே, குடத்தின் விலை எங்கே! மூன்று தடவை ஆணி மாற்றிய உறவினர் ஒரு தடவையேனும் பெயாரிங்கைப் பார்க்கவில்லை என்று விசாரித்தபோது தெரிந்தது.

முறிவதற்கு முன்னரே வாகனம் சாடை காட்டும். காலையில் கிளம்பும்போதும், முன்னுக்கும் பின்னுக்குமாக மாற்றும்போதும் பின்னாலிருந்து ஒரு 'டக்' கேட்கும். நட்டுகளைச் சுற்றிச் செந்நிறப் பொடி படிந்திருக்கும். இரும்போடு இரும்பு உராய்ந்து உதிரும் துருப்பொடி அது. தலையின் விளிம்பிலிருந்து ஒயில் கசிந்து, சில்லின் தட்டில் சூரியக் கதிர்கள் போல வெளிநோக்கிக் கறுத்த கோடுகள் விழுந்திருக்கும். கழுவிப் பளபளப்பாக வைத்திருப்பவர்கள் இந்த அடையாளங்களையும் கழுவிவிடுகிறார்கள். வாரம் ஒரு தடவை கழுவுமுன் ஒருமுறை குனிந்து பார்த்தால் போதும்.

திருத்தும் முறையில் சில நுணுக்கங்கள் உள்ளன. ஓர் ஆணி முறிந்தாலும் ஆறையும் மாற்ற வேண்டும். எஞ்சியவை முறியாவிட்டாலும் உள்ளே வெடிப்புத் தொடங்கியிருக்கக்கூடும். குடத்தில் சிக்கிய துண்டை எடுப்பது பெரும்பாலும் கடினமன்று. முறிந்த ஆணியில் இழுவிசை இல்லாததால், கூரிய உளியால் ஓரத்தில் மெல்லத் தட்டினாலே பல தடவைகளில் சுழன்று வந்துவிடும். புரிகளையும் இரு முகங்களையும் ஒயில் சிறிதுமின்றித் துடைக்க வேண்டும். முகங்களுக்கு இடையே கம்பனி கொடுக்கும் மெல்லிய தாள் மட்டுமே போதுமானது. கூம்பு வளையங்களைக் கழற்ற முடியாமல் சிலர் ஆணியின் நுனியில் சுத்தியலால் அடிக்கிறார்கள். அடிக்க வேண்டியது தண்டின் தலையை, அதுவும் பித்தளைத் துண்டு வைத்து. அப்போது வளையம் தானாகவே துள்ளி வெளியே வரும். தேய்ந்த வளையத்தைத் திரும்பப் போடக்கூடாது. வளையம் துளைக்குள் முழுவதுமாக அமிழ்ந்துவிட்டால் நட் தலையின்மேல் உட்கார்ந்துவிடும், கூம்பு பிடிக்காது, பார்ப்பதற்கு மட்டும் எல்லாம் ஒழுங்காக இருக்கும்.

பெயாரிங்கை முதலில் சரிசெய்த பின்னரே இதெல்லாம். நட்டுகளைக் கைப்பழக்கத்தால் இறுக்காமல், அளவு காட்டும் ஸ்பனரால், வாகனக் கைந்நூலில் சொன்ன அளவுக்கு, எதிரெதிராக இறுக்க வேண்டும். அந்த அளவு பலருக்குக் குறைவாகத் தோன்றும். தோன்றட்டும். சில நூறு கிலோமீற்றர் ஓடியபின் மறுபடியும் ஒருமுறை அளந்து பார்த்து, ஒவ்வொரு நட்டின் மேலும் தலையின் மேலும் சேர்ந்து விழும்படி வெள்ளைப் பூச்சினால் ஒரு கோடு கீறிவிட்டால், நட் இளகும்போது கோடு இரண்டாகப் பிரிவது கண்ணுக்கே தெரியும். லொறிக்காரர் சில்லு நட்டுகளில் மஞ்சள் அம்புக்குறிகளை மாட்டுவதும் இதற்காகவே.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். சில்லு கழன்று ஓடாது என்று மேலே சொன்னதை வைத்து இதை ஆபத்தற்ற கோளாறு என்று யாரும் எண்ணிவிடக்கூடாது. சரிவில் வாகனத்தைக் கியரில் போட்டு நிறுத்துவது எம்மவர் பலரின் வழக்கம். ஒரு பக்க ஆணிகள் முறிந்திருந்தால் அந்தக் கியர் எதையும் பிடிக்காது. முறிந்த பக்கத்துத் தண்டு சும்மா சுழல, மறுபக்கச் சில்லும் விடுபட்டுவிடும். பழைய லான்ட் ரோவர்களில் நிலைமை இன்னும் மோசம். அவற்றின் கைப்பிரேக் சில்லில் இல்லை. கியர்ப் பெட்டியின் பின்னால், சுழல்தண்டில் இருக்கிறது. பின் தண்டு ஒன்று சில்லோடு தொடர்பற்றுப் போனால் கைப்பிரேக்கும் அத்தோடு போயிற்று. ஆணி முறிந்து நின்ற வண்டியின் அடியில், கைப்பிரேக்கை நம்பிப் படுக்கிறவர் எதை நம்பிப் படுக்கிறார்?

ஹட்டன், நுவரெலியாப் பக்கம் பயணம் செய்தவர்கள் பார்த்திருப்பார்கள். ஏற்றத்தில் லொறி நிற்கத் தொடங்கும்போதே, அது முற்றாக நிற்குமுன், கிளீனர் பையன் ஒரு மரக்குற்றியைக் கையில் எடுத்துக்கொண்டு குதித்து, பின் சில்லை நோக்கி ஓடுவான். சாரதி கைப்பிரேக்கைப் போட்டாரா என்று அவன் கேட்பதில்லை.